போராட்டம் நடத்தப் போகிறீர்களா? முதலில் கரைவலையைப் பாருங்கள்

பாம்பன் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு பக்கக் கயிற்றிலும் கிழவர் முதல் பையன்கள் வரை நின்று இழுத்தால்தான் மீன் நிறைந்த வலைப்பை கரைக்கு வரும். சர்வாதிகார ஆட்சியை எதிர்ப்பதற்கும் அந்த ஆள்பலம்தான் வேண்டும். அதனால் கல்லெறியை முதல் நாளே தடுத்துவிடுங்கள். கல் பறக்கும் இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்? 1900 முதல் 2006 வரை நடந்த போராட்டங்களை எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்ததில், அறவழியில் நடந்தவற்றில் பாதிக்கு மேல் வென்றன, ஆயுதம் எடுத்தவற்றில் கால்வாசிதான்.

அப்புறம், நாற்காலியில் இருப்பவரைவிட அதைத் தாங்குகிறவர்களைக் கவனியுங்கள். 1986இல் மணிலாவில் ஜெபமாலையோடு நின்ற மக்களை மீறி டாங்கிகள் நகரவில்லை, பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்கோஸ் நாட்டைவிட்டே ஓடினார். 2000இல் செர்பியாவில் கொலுபாரா சுரங்கத் தொழிலாளர்கள் நிலக்கரி வெட்டுவதை நிறுத்தினார்கள், அதிபர் மிலோசெவிச்சின் ஆட்சி விழுந்தது. 1989இல் பெய்ஜிங்கிலோ ஜனநாயகம் கேட்டுக் கூடியவர்களை, வெளியூர்ப் படையைக் கொண்டுவந்து சுட்டார்கள்.

சரி, ஆள் போய்விட்டார், அடுத்து? 2022இல் பால்மாவுகூட வாங்க முடியாமல் இலங்கையிலிருந்து தனுஷ்கோடி மணல்திட்டில் குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களை நாம் பார்த்தோம். அந்த ஜூலையில் கொழும்பு மக்கள் அதிபர் கோட்டாபயவை விரட்டினார்கள், ஆனால் பழைய நாடாளுமன்றமே அந்த நாற்காலியில் ரணிலை உட்கார வைத்தது. அடுத்து யார் என்பதைக் கூட்டம் கலைவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.