பலகை விளையாட்டு விழாவுக்கு முதன்முறை செல்வோருக்கு: வேலூரிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் வசிக்கும் ஒருவர் பெரிய அளவிலான பலகை விளையாட்டு விழா ஒன்றில் கலந்துகொள்ள விரும்பினால், பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறியாக வேண்டும். போக வர ஆகும் நேரத்தைக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஒரு பகல்பொழுதுதான். அந்தப் பொழுதில் இருபது மேசைகளை எட்டிப் பார்ப்பதைவிட மூன்று விளையாட்டுகளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடிவிட்டு வருவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் பல விளையாட்டுகளின் அருமை, முதல் சுற்றில் விளையாட்டாகச் செய்த ஒரு முடிவு கடைசிச் சுற்றில் கழுத்தைப் பிடிக்கும்போதுதான் புலப்படுகிறது. கீழே உள்ள படிகள் யாவும் அந்த நோக்கத்தில் எழுதப்பட்டவை.

இத்தகைய விழாக்களில் புகழ்பெற்றவை இரண்டு: அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய ஜென் கான், ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடந்துவரும் ஷ்பீல். நம் நாட்டில் நடப்பவை அளவில் மிகச் சிறியவை என்றாலும், விற்பனைக் கடைகள், ஆடிக் காட்டும் டெமோ மேசைகள், இரவல் வாங்கி ஆடும் நூலகம் ஆகியவை பொதுவாக இங்கும் உண்டு.

படி 1: ஏற்கெனவே தெரிந்த ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள்

"எனக்கு இதெல்லாம் புதிது" என்று சொல்பவர்களில் பலர் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நல்ல பயிற்சி பெற்றவர்கள்தாம். அந்தப் பயிற்சியையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் முற்றிலும் வேறு வேறு பலத்தோடும் வேறு வேறு இலக்கோடும் மோதுகின்றன. அதை ரசித்தவருக்கு, ஒருவர் மறைந்து ஓட மற்றவர்கள் சேர்ந்து துரத்தும் 'ஸ்காட்லாந்து யார்டு' உடனே பிடிபடும். பல்லாங்குழி ஆடிய கைக்கு, ஒரு கட்டத்தில் உள்ள மரப் பொம்மைகளை எல்லாம் அள்ளி வழிநெடுக ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் 'ஃபைவ் டிரைப்ஸ்' (2014) அந்நியமாக இராது. ஆனால் புள்ளிகளைக் கணக்கிடும் முறை சற்றே நீளமானது என்பதால் அதை முதல் மேசையாக வைத்துக்கொள்ள வேண்டாம். துருப்பு வைத்துச் சீட்டாடியவர்கள் 'தி க்ரூ' (2019) ஆடிப் பார்க்க வேண்டும். அதில் பிடி எடுக்கும் விதிகள் அப்படியே இருக்க, எல்லாரும் ஒரே அணியாக நின்று, குறித்த சீட்டைக் குறித்த ஆள் பிடிக்கும்படி செய்ய வேண்டும்; கையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. தாயத்தில் விழும் எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்று பதறுவதை விரும்புகிறவர்களுக்கு, நான்கு பகடைகளை உருட்டி இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் 'கான்ட் ஸ்டாப்' (1980) போதும்.

படி 2: பட்டியல் போடுங்கள், எடையைப் பாருங்கள்

2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் போர்டுகேம்கீக் இணையதளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 1 முதல் 5 வரை 'எடை' என்றொரு மதிப்பு இருக்கும். விளையாட்டு எவ்வளவு சிக்கலானது என்பதை வாசகர்களே வாக்களித்துச் சொல்லும் எண் அது. முதல் விழாவுக்குப் போகிறவர் 2க்குக் கீழே உள்ளவற்றிலிருந்து நான்கைந்தைக் குறித்துக்கொண்டால் போதும். 'டிக்கெட் டு ரைடு' (2004), 'அசூல்' (2017), 'கார்க்கசோன்' (2000) ஆகிய மூன்றும் அந்த வரம்புக்குள் அடங்குபவை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரம் விதிகள் தெரிந்தவர்களுக்கானது. நால்வரும் புதியவர்கள் என்றால் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் கணக்கிடுங்கள். 'ட்வைலைட் இம்பீரியம்' மேசையில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் விண்கலங்களைக் கண்டு மயங்கி உட்கார்ந்துவிட்டால், அன்றைய பகல் அங்கேயே முடிந்துவிடும்.

படி 3: பயணம்

காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னை ஏறத்தாழ 130 கிலோமீட்டர், பெங்களூரு ஏறத்தாழ 230 கிலோமீட்டர். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள். எத்தனை மணிக்கு அரங்கைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் கடைசி ஆட்டமாக எதைத் தொடங்கலாம் என்று முடிவெடுக்க முடியும். அடையாள அட்டையை மறக்காதீர்கள். நூலகத்தில் பெட்டி எடுக்கும்போது அதைக் கேட்பது வழக்கம்.

படி 4: அரங்கில் முதல் அரை மணி நேரம்

நுழைந்ததும் உட்கார்ந்துவிடாமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். நேரம் குறித்துப் பெயர் எழுதிவைக்கும் டெமோக்கள் இருந்தால் முதலில் அவற்றில் பெயரைக் கொடுங்கள். இல்லையேல் உங்கள் பட்டியலில் உள்ளதைக் காலையிலேயே ஆடிவிடுங்கள். மாலையாகும்போது, ஒரே விதியை நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி விளக்குபவரின் தொண்டை கட்டியிருக்கும், அவசரமும் கூடியிருக்கும். தனியாக வந்திருந்தால் தயங்க வேண்டாம். "இன்னும் ஓர் ஆள் தேவையா?" என்று கேட்பது இங்கே நாகரிகக் குறைவு அல்ல, மூன்று பேர் நான்காவது ஆளுக்காகக் காத்திருக்கும் மேசைகள் எப்போதும் இருக்கும்.

படி 5: விதிகளைக் கேட்கும் முறை

புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். நாள் முழுவதும் பயன்படப்போவதும் இந்தத் திறமைதான். விளக்குபவர் ஆர்வத்தில் விதிவிலக்குகளிலிருந்து தொடங்கிவிடுவதுண்டு. கேட்பவர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயன்று ஐந்தாவது நிமிடத்தில் தொடர்ச்சியை விட்டுவிடுவார். அதைத் தவிர்க்க, மூன்று கேள்விகளுக்கான விடையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எப்படி வெல்வது, என் முறை வந்தால் நான் என்னென்ன செய்யலாம், ஆட்டம் எப்போது முடியும். எடுத்துக்காட்டாக, 'டிக்கெட் டு ரைடு' ஆட்டத்தில், கையில் உள்ள பயணச்சீட்டுகளில் குறித்திருக்கும் ஊர்களை ரயில் பாதையால் இணைத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். ஒரு முறையில் வண்ணச் சீட்டு எடுக்கலாம், அல்லது பாதை போடலாம், அல்லது புதிய பயணச்சீட்டு எடுக்கலாம். யாரேனும் ஒருவரிடம் இரண்டோ அதற்குக் குறைவாகவோ ரயில் பெட்டிகள் மிஞ்சினால், அவரையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் இன்னும் ஒரு முறைதான் உண்டு. இவ்வளவு தெரிந்தால் ஆடத் தொடங்கிவிடலாம்; மற்றவை தேவைப்படும்போது வந்து சேரும்.

இந்த மூன்றில் ஒன்று சொல்லப்படாமல் போனால் இடைமறித்துக் கேளுங்கள். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். 'அசூல்' போன்றவற்றின் ஓடுகளில் எழுத்தே இல்லை என்பதால் மொழி அங்கே தடையாவதில்லை. ஆனால் 25 சொற்களைப் பரப்பிவைத்துக் குறிப்புக் கொடுக்கும் 'கோட்நேம்ஸ்' (2015) ஆட்டத்தில் ஆங்கிலச் சொல்வளம் தேவைப்படும்.

படி 6: மேசையில்

ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையோடு சீட்டைத் தொடாதீர்கள். மற்றவர்கள் எதை மன்னித்தாலும் எண்ணெய்க் கறையை மன்னிப்பதில்லை.

'பாண்டெமிக்' (2008) போலக் கூட்டாக ஆடும் விளையாட்டுகளில், விவரம் தெரிந்த ஒருவர் எல்லாருடைய முறையையும் தானே ஆடிவிடும் ஆபத்து உண்டு. "முதலில் நானே யோசித்துப் பார்க்கிறேன், பிறகு சொல்லுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னாலே பெரும்பாலும் அடங்கிவிடுவார். நடுவில் எழுந்து போவது மற்ற மூவரின் ஆட்டத்தையும் கெடுக்கும். ஆகவே உட்காரும் முன்பே எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிவராத விளையாட்டை அதை உருவாக்குபவரே கொண்டுவந்து சோதிக்கும் மேசை இருந்தால் அவசியம் ஒரு முறை உட்காருங்கள். முடிந்ததும் அவர் கருத்துக் கேட்பார். எந்த இடத்தில் சலித்தது, எந்த இடத்தில் குழம்பியது என்று மட்டும் சொல்லுங்கள். திருத்தம் சொல்லப் புகுந்தால் உங்கள் மனத்தில் உள்ள வேறொரு விளையாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

படி 7: வாங்குவதானால்

முழுமையாக ஆடிப் பார்க்காத எதையும் வாங்காதீர்கள். ஆடியதிலும், வீட்டில் உங்களோடு உட்காரப்போகும் இரண்டு பேரையாவது பெயர் சொல்ல முடிந்தால் மட்டுமே வாங்குங்கள். இறக்குமதிப் பெட்டிகளின் விலைக்கு அலமாரி அலங்காரம் கட்டுப்படியாகாது. பழைய பெட்டிகள் விற்கும் மேசையில் நல்ல சரக்கு கிடைக்கும். அங்கே பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்: 'கார்க்கசோன்' அடிப்படை ஆட்டத்துக்கு 72 நில ஓடுகள், 'அசூல்' பையில் ஐந்து வண்ணங்களிலும் இருபது இருபதாக 100 ஓடுகள், 'டிக்கெட் டு ரைடு' பெட்டியில் ஒவ்வொரு நிறத்திலும் 45 ரயில் பெட்டிகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எண்ணி முடித்த பிறகு விலை பேசுங்கள்.