இணையத்தில் படித்த மருத்துவக் குறிப்பை நம்பலாமா?

அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஒருநாள், "மாத்திரையை விடுங்கள், ஜின்கோ மூலிகை போதும்" என்று வந்த செய்தியைக் காட்டி, நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பதறிவிட்டேன். அன்றிலிருந்து எதையும் சோதித்த பிறகே நம்புகிறேன்.

முதலில், எழுதியவர் யார், எதையாவது விற்கிறாரா என்று பாருங்கள். அந்தச் செய்தியின் அடியிலேயே ஜின்கோ வாங்கும் இணைப்பு இருந்தது. அப்புறம் அது எழுதப்பட்ட தேதியையும் பாருங்கள்.

"ஆய்வில் நிரூபணம்" என்றிருந்தால் அங்கே நிதானமாக நில்லுங்கள். ஆய்வு எலிகளிடமா, மனிதர்களிடமா? எத்தனை பேர்? தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. பயம் மட்டும் இன்னும் போகவில்லை. அதனால் ஒற்றை ஆய்வை விட்டு, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்புகளைத் தேடுங்கள்.

"ஆபத்து இரு மடங்கு" என்றால் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வந்தாலும் இரு மடங்குதான்.

"மருத்துவர்கள் மறைக்கும் ரகசியம்" என்று தொடங்கினால் மேலே படிக்கவே வேண்டாம்.

சரி, எல்லாம் தேறினாலும், சாப்பிடும் மருந்தை நிறுத்துவதையோ அளவை மாற்றுவதையோ திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாங்கள் அந்தச் செய்தியை மருத்துவரிடமே காட்டினோம். வார்ஃபரினோடு ஜின்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம் என்றார். அம்மா மாத்திரையைத் தொடர்கிறார்.