செப்டிக் டேங்குக்குப் பவுடர் வேண்டாம், திறக்கிற மாதிரி ஒரு மூடி வேண்டும்

செப்டிக் டேங்கில் போடுகிற பாக்டீரியா பவுடர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் டேங்கின் மூடி எங்கே இருக்கிறது? பாதிப் பேருக்குத் தெரியாது. வீடு கட்டும்போது போர்டிகோவுக்கு அடியில் டேங்க் கட்டி, அதன் மேல் டைல்ஸ் ஒட்டி, காரையும் நிறுத்திவிட்டார்கள். பத்து வருடம் கழித்து டாய்லெட்டில் தண்ணீர் இறங்காதபோதுதான் கொத்தனாரைத் தேடுகிறார்கள், அவர் எங்கே இருக்கிறாரோ. பவுடர் விற்பவர்களுக்கு வசதியாக இருப்பது இந்த நிலைமைதான், ஏனென்றால் மூடியைத் திறக்க முடியாதவருக்கு மேலிருந்து எதையாவது ஊற்றுவதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

டேங்க் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பவுடர் கேள்விக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது ஒரு குடத்தில் பிடித்து ஆடாமல் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் போய் உட்காரும், மேலே தெளியும். அதேதான். டேங்குக்குள் வருகிற கழிவு ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், கலங்காமல் நிற்க வேண்டும். கனமானது அடியில் சேறாகத் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கும் மிதக்கிற கழிவும் மேலே தடித்த ஏடாகக் கட்டும், நடுவில் இருக்கிற ஓரளவு தெளிந்த தண்ணீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கும். அடியில் தங்கிய சேற்றில் ஒரு பகுதியைக் காற்றில்லாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். ஒரு பகுதியைத்தான். மண், மணல், முடி, நார், எவ்வளவு நாளானாலும் மக்காத மிச்சம், செத்துப்போன நுண்ணுயிர்கள் என்று மீதியெல்லாம் அங்கேயே கிடந்து வருடா வருடம் ஏறிக்கொண்டே இருக்கும். அதை எந்தப் பவுடரும் இல்லாமல் ஆக்க முடியாது. லாரி வந்து உறிஞ்சித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்த நுண்ணுயிர்கள் போதவில்லை, நாம் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். மனித மலத்தில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நான்கு பேர் இருக்கிற வீட்டில் தினமும் காலையில் டேங்குக்குள் போவதை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் மாதம் ஒரு பாக்கெட் என்பது கடலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது போல. அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளில் செப்டிக் டேங்க் இருக்கிறது, அங்கே இந்தப் பொருட்களுக்குப் பெரிய சந்தையே உண்டு. ஆனால் அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சாதாரண வீட்டுக் கழிவுக்கு இவை தேவையில்லை, தேவையான நுண்ணுயிர்கள் கழிவிலேயே இருக்கின்றன என்றுதான் சொல்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுங்கள் என்பதுதான் அவர்கள் கொடுக்கிற அறிவுரை.

நம் ஊரில் கடைப் பவுடர் மட்டுமில்லை. புது டேங்கில் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள், வெல்லமும் ஈஸ்ட்டும் கலந்து ஊற்றுவார்கள், புளித்த மோர் ஊற்றுவார்கள். இவற்றால் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. சாணியில் இருக்கிற வைக்கோல் நார் டேங்கில் இன்னும் கொஞ்சம் சேறு சேர்க்கும், அவ்வளவுதான். புது டேங்குக்குச் செய்ய வேண்டியது வேறு: வெளிக்குழாய் மட்டம் வரை நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கசிவு இருக்கிறது, அப்போதே பூசச் சொல்லுங்கள். இறங்கவில்லையென்றால் அந்தத் தண்ணீரோடேயே பயன்படுத்த ஆரம்பிக்கலாம்.

கெடுதல் செய்பவை வேறு. மூட்டை மூட்டையாகக் கல் உப்பு, கேன் கேனாக ஆசிட், காஸ்டிக் சோடா. இவை வேலை செய்துகொண்டிருக்கிற நுண்ணுயிர்களைக் கொல்லும், ஆசிட் சிமெண்ட் பூச்சையும் அரித்துவிடும். ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வாரம் ஒருமுறை டாய்லெட் கழுவுகிற திரவத்தை அளவாகப் போட்டுத் தேய்ப்பதால் டேங்க் கெட்டுவிடாது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடம் மாதம் தவறாமல் பவுடர் போட்டோம். பாக்கெட்டில் சேறு கரைந்துவிடும், லாரியே தேவையில்லை என்று போட்டிருந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் டாய்லெட்டில் தண்ணீர் இறங்க மறுத்தது, உறிஞ்சு குழியைச் சுற்றி நாற்றத்தோடு ஈரம் ஊறியது. மூடியை உடைத்துத் திறந்தால், சேறு வெளிக்குழாய்க்கு ஒரு சாண் கீழே வரை ஏறியிருந்தது. அதைவிட முக்கியமாக, வெளிக்குழாயின் வாயில் இருக்க வேண்டிய டி பைப் (ஆங்கில T வடிவக் குழாய்) கழன்று உள்ளே விழுந்து கிடந்தது. பசை போடாமல் சும்மா செருகியிருந்தார்கள். அந்த டி பைப்பின் கீழ்க்கை தண்ணீருக்குள் ஒரு அடியாவது இறங்கி நின்றால்தான் மேலே இருக்கிற ஏட்டைத் தடுத்து, நடுவில் இருக்கிற தெளிந்த தண்ணீரை மட்டும் எடுக்கும். அது இல்லாததால் ஏடு, பிசுக்கு எல்லாம் நேராக உறிஞ்சு குழிக்குப் போயிருக்கிறது. குழியைத் தோண்டியபோது வெளியே வந்த ஜல்லியை என்னால் மறக்க முடியாது: ஒவ்வொரு கல்லும் தாரில் முக்கி எடுத்தது போலக் கருப்பாக, விரலால் தேய்த்தாலும் போகாத பிசுக்கோடு இருந்தது. அந்த மண்ணில் இனி ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று வேலை செய்தவர் சொல்லிவிட்டார். பக்கத்தில் புதுக் குழி வெட்டினோம். லாரிக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு செலவு.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் உண்மையிலேயே சேற்றைக் கரைத்துக் கிளப்பிவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போது அது எங்கே போகும்? தண்ணீரோடு கலந்து உறிஞ்சு குழிக்குத்தான். டேங்க் கட்டியதே சேற்றை அங்கே போகவிடாமல் தடுக்கத்தானே.

ஆகவே முதல் வேலை, மூடியைக் கண்டுபிடிப்பது. டாய்லெட் குழாய் வெளியே வருகிற இடத்திலிருந்து சேம்பர் வழியாகப் பின்தொடர்ந்தால் டேங்க் தெரியும், காற்றுக் குழாயும் ஒரு அடையாளம். டைல்ஸுக்கு அடியில் இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி, கைப்பிடி வைத்த கான்கிரீட் அல்லது இரும்பு மூடி போடச் சொல்லுங்கள். குழந்தைகள் தூக்க முடியாத கனம் இருக்க வேண்டும், கொசு நுழையாத அளவுக்கு விளிம்பு பொருந்த வேண்டும். காற்றுக் குழாயின் தலையில் கொசுவலை கட்டியிருக்கிறதா என்றும் அப்படியே பாருங்கள். வெயிலில் இற்றுப்போன வலையை மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆகும், ஆனால் அந்த ஓட்டை வழியாகக் கிளம்புகிற கொசு தெரு முழுக்கப் பரவும்.

அடுத்தது, வருடத்துக்கு ஒருமுறை சேற்றை அளப்பது. கோடையில் செய்யுங்கள். ஒரு நீளமான சவுக்குக் கம்பின் கீழ்ப் பாதியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மூடியைத் திறந்து அரை மணி நேரம் தள்ளி நில்லுங்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கும். கூட ஒருவர் இருக்க வேண்டும், முகத்தைக் குழிக்கு மேல் நீட்டிப் பார்க்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு கம்பை மெதுவாக அடி தட்டும் வரை இறக்கி, சில நிமிடம் அப்படியே பிடித்திருந்து, நேராக உருவுங்கள். துணியில் அடிப்பகுதி கரேலென்று ஒட்டியிருக்கும், அதற்கு மேல் தண்ணீர் நனைத்த வெளிர் நிறம், கோடு பிரித்தது போலத் தெரியும். கருப்புப் பட்டையின் உயரமும் மேலே மிதக்கிற ஏட்டின் தடிமனும் சேர்ந்து மொத்தத் தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரிக்குச் சொல்லிவிடலாம். வேலை முடிந்ததும் துணியைப் புதைத்துவிட்டு, கம்பையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இதெல்லாம் முடியாது என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடுத்தர அளவு டேங்கும் நான்கைந்து பேரும் இருக்கிற வீட்டுக்கு அது சரியாக வரும். டேங்க் சின்னதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். இந்தியத் தரநிலை ஐஎஸ் 2470, ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு மீட்டர் தண்ணீர் ஆழம் என்று ஒரு குறைந்தபட்ச அளவைக் கொடுக்கிறது, அதுவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பதாக வைத்துப் போட்ட அளவு. வாடகைக்கு மாடி கட்டிவிட்டு, டேங்க் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிற வீடுகள் எத்தனையோ. அவர்கள் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

லாரி வரும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதில்தான் எனக்கு அதிக அக்கறை. எந்தக் காரணத்துக்காகவும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது. அடியில் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, இறங்கி வழித்துவிடுகிறேன் என்று அவரே சொன்னாலும், நீங்கள் கேட்காமலே செய்ய முன்வந்தாலும் விடாதீர்கள். டேங்கில் தேங்குகிற ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே படுத்திருக்கும். முதலில் அழுகின முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும், வாயு போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆள் மயங்கி விழுந்துவிடுவார். அவரைத் தூக்கப் போன அடுத்தவரும் விழுவார், இப்படித்தான் ஒரே டேங்கில் இரண்டு மூன்று பேர் சாகிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிற 2013 சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடுகள் எதுவும் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம், முதல் முறையே இரண்டு வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரர்தானே கூட்டிவந்தார் என்று வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அடியில் கெட்டியாக இருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி, குழாய் வழியாகவே உறிஞ்சச் சொல்லுங்கள். அப்படியும் வராத கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும், அடுத்த சுற்றுக்கான நுண்ணுயிர் விதை அதில்தான் இருக்கிறது. டேங்கைத் தேய்த்துக் கழுவவே தேவையில்லை.

உள்ளாட்சியில் உரிமம் வாங்கிய லாரியையே கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். ஓட்டுநரிடம், எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் இருப்பது போல வீட்டுக் கசடுக்கென்றே கட்டிய நிலையங்களும் இருக்கின்றன. விலை குறைவு என்று இரவில் வந்து எடுத்துப் போகிறவர் உங்கள் ஊர் ஏரியில்தான் திறந்துவிடுவார்.

டேங்க் காலியாக இருக்கும்போது உள்குழாயிலும் வெளிக்குழாயிலும் இருக்கிற டி பைப் இரண்டும் உறுதியாக இருக்கிறதா, சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று மேலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் உடனே தண்ணீர் நிரப்பிவிடுங்கள். பூமியில் தண்ணீர் மட்டம் மேலே இருக்கிற இடங்களில், சென்னையின் தென்பகுதி ஏரியோரங்கள் போல, ஐப்பசி கார்த்திகையில் டேங்கை முழுவதும் காலி செய்யாதீர்கள். பிளாஸ்டிக் டேங்க் என்றால் மண்ணைப் பிளந்து மிதந்து மேலே வந்துவிடும், கான்கிரீட்டிலும் வெடிப்பு விழலாம். புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.

தினசரிப் பழக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. நாப்கின், டயபர், ஈரத் துடைப்பான், ஆணுறை, முடிக்கற்றை, மீந்த மாத்திரை எதையும் டாய்லெட்டில் போடக் கூடாது. வறுத்த எண்ணெயைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றாமல் பழைய பேப்பரில் ஒற்றிக் குப்பையில் போடுங்கள். குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீரைச் சின்ன டேங்கில் விடாமல் தனியாக வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பிவிட்டால், டேங்கில் கழிவு தங்கித் தெளிய நேரம் கிடைக்கும். ஒழுகுகிற ஃபிளஷ் டேங்க் இருந்தால் இன்றே சரிசெய்யுங்கள், இரவு பகலாக ஓடுகிற அந்த மெல்லிய நீர்தான் டேங்கைக் கலக்கிக்கொண்டே இருக்கும்.

உங்கள் வீட்டில் இருப்பது அடித்தளமே இல்லாமல் சிமெண்ட் உறை இறக்கிய குழி என்றால் அது செப்டிக் டேங்கே இல்லை, கழிவு நேராக மண்ணில் இறங்கும். போர் தண்ணீர் குடிக்கிற வீடாக இருந்தால் அதைச் சரியான டேங்காக மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். உறிஞ்சு குழிக்கும் குடிநீர் எடுக்கிற கிணறு அல்லது போருக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும், ஏறக்குறைய அறுபது அடி. சின்ன மனையில் அது கிடைக்காது, அப்போது தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்து, குடிக்க வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

லாரி வந்துபோன தேதியை எங்கே எழுதி வைப்பது என்பது சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று வருடத்தில் எல்லோருக்கும் மறந்துவிடும். எங்கள் வீட்டில் மூடிக்கு நேர் எதிரே காம்பவுண்டு சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கிறோம், அதற்குக் கீழே அடுத்த தேதிக்கு இடம் விட்டு.