டிஎஸ்எஸ் கோப்பு பாட மறுக்கிறதா? பிரித்துப் பார்த்துவிடலாம்

பழைய டிக்டேஷன் ரெக்கார்டரில் (சொல்வதைப் பதிந்துகொள்ளும் கையடக்கக் கருவி) பதிந்த கோப்புகளின் பெயர் டிஎஸ்எஸ் (dss) என்று முடியும், சாதாரணப் பிளேயர்கள் பலவற்றில் வாயே திறக்காது. ரெக்கார்டரோடு வந்த சிடி தொலைந்திருக்கும், இருந்தாலும் இப்போதைய கம்ப்யூட்டரில் சிடி போட இடம் கிடையாது. எனக்கு ஒரு வக்கீல் நண்பர் இப்படி ஒரு பென் டிரைவ் நிறையக் கொடுத்தார், கடைசி எழுத்தை எம்பி3 என்று மாற்றியும் பார்த்துவிட்டாராம். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது சாமி.

முதல் வேலை, எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு நகலில் மட்டும் கை வையுங்கள். இரண்டாவது, நாமே எல்லாம் கண்டுபிடிக்கக் கிளம்பும் முன் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச ஒலி, ஒளி மாற்றும் மென்பொருளிடம் கொடுத்துப் பாருங்கள். டிஎஸ்எஸ் படிக்க அதற்கு ஏற்கெனவே தெரியும். உள்ளே போகும் கோப்பின் பெயரும் வேவ் (wav, எல்லாப் பிளேயரும் பாடும் சாதாரண ஒலிக் கோப்பு) என்று முடியும் புதுப் பெயரும் கொடுத்தால் போதும், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடிந்தால் மீதியைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் சுவாரசியம் அதற்கப்புறம்தான்.

டிஎஸ்எஸ் 1994-இல் கிரண்டிக் உருவாக்கியது, பிறகு ஒலிம்பஸும் பிலிப்ஸும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே எண்ணாகக் காட்டும் மென்பொருள்) திறந்து, பைட்டுகளை 0-இலிருந்து எண்ணுங்கள். முதல் பைட் 2 அல்லது 3, அதை ஒட்டி டிஎஸ்எஸ் என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகள். அந்த 2 அல்லது 3 சும்மா இல்லை, அதை 512-ஆல் பெருக்கினால் தலைப்பகுதியின் நீளம், அதாவது ஆடியோவுக்கு முன்னால் வரும் விவரப் பகுதி எத்தனை பைட் என்பது. 12-ஆம் பைட்டிலிருந்து பதிந்தவர் பெயருக்கு 16 பைட், 38-இல் பதிவு தொடங்கிய நேரம், 50-இல் முடிந்த நேரம். நேரம் வெறும் 12 இலக்கம்: 070314101522 என்று கண்ணில் பட்டால் 2007 மார்ச் 14, காலை 10 மணி 15 நிமிடம் 22 நொடி. எனக்கு இந்த இடத்தில்தான் தைரியம் வந்தது, புரியாத குப்பைக்கு நடுவில் ஒரு தேதி தெரிந்தால் மீதியும் பிடிபடும் என்று தோன்றிவிடும்.

அடுத்து 676-ஆம் பைட். அங்கே 0 இருந்தால் எஸ்பி, அதாவது நல்ல தரப் பதிவு, நொடிக்கு 11025 சாம்பிள், அதாவது நொடிக்கு அத்தனை முறை ஒலியை அளந்த எண்கள். 2 இருந்தால் ஜி.723.1, இது தொலைபேசி உலகத்தின் பொதுத் தரம், நொடிக்கு 8000 சாம்பிள். தனி வடிவம் என்று பயமுறுத்தும் பெட்டிக்குள்ளே ஊரறிந்த கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) உட்கார்ந்திருப்பது அபூர்வமில்லை, அதனால் எந்த ரெக்கார்டரானாலும் பெட்டி வேறு, கோடெக் வேறு என்று பிரித்துப் பார்த்துப் பழகுங்கள்.

எஸ்பியில் என் இரண்டு ராத்திரியைத் தின்றது ஒரு சின்ன விஷயம். தலைப்பகுதி முடிந்ததும் ஆடியோ 512 பைட் துண்டுகளாக வரும், ஒவ்வொன்றிலும் முதல் 6 பைட் துண்டுக்கான குறிப்பு, மீதி 506 மட்டுமே சரக்கு. ஃபிரேம்கள், அதாவது கோடெக் ஒரு தடவைக்கு விரிக்கும் சிறு பொட்டலங்கள், துண்டின் எல்லையை மதிப்பதில்லை, ஒன்றில் ஆரம்பித்து அடுத்ததில் முடியும், ஆகவே 6 பைட்டுகளை வெட்டிவிட்டு 506-களை ஒட்டிக்கொள்ள வேண்டும். இதுவரை சரி. ஆனால் பைட்டுகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஜோடிக்குள் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், ஃபிரேமோ 41 பைட், ஒற்றைப்படை! முதல் ஃபிரேமுக்கு 42 பைட் படித்தால் அதில் ஒன்று அடுத்த ஃபிரேமின் சொத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை 40 மட்டும் படித்துச் சேர்த்தால் 41. இந்தக் கணக்கில் ஒரு இடத்தில் தவறினாலும் அதற்கப்புறம் தவளைச் சத்தம்தான் வரும். துண்டுக் குறிப்பின் முதல் பைட்டில் உச்சிப் பிட் (எட்டில் மிக உயர்ந்த மதிப்புள்ளது) 1 என்றால் அந்தத் துண்டு மாறிய நிலையில், அதாவது ஒரு பைட் கையில் இருக்கும் நிலையில், தொடங்குகிறது என்று பொருள், நடுவிலிருந்து படிப்பவருக்கு அது இல்லாமல் ஆகாது. ஒவ்வொரு ஃபிரேமும் விரிந்து 264 சாம்பிள் ஆகும்.

உங்களிடம் இருப்பது டிஎஸ்எஸ் இல்லை, யாரும் கேள்விப்படாத வேறு ஏதோ என்றால்? ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. 1 நிமிடம் ஒன்று, 2 நிமிடம் ஒன்று என்று பதிந்து, இரண்டு கோப்பின் அளவைக் கழித்து 60-ஆல் வகுங்கள். தலைப்பகுதி தானாகக் கழிந்துபோய் நொடிக்கு எத்தனை பைட் என்று கிடைக்கும். எஸ்பி என்றால் 1730-க்குப் பக்கத்தில் வரும், 8000 வந்தால் பெரும்பாலும் சாதாரண 8 பிட் தொலைபேசி ஒலி. அப்புறம் வாயை மூடிக்கொண்டு ஒரு பதிவு. மௌனப் பதிவில் ஒரே பைட் வரிசை எத்தனை பைட்டுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று பாருங்கள், ஃபிரேம் அளவோ துண்டு அளவோ அதில் தெரியக்கூடும். பேச்சுள்ள பதிவை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் ரா டேட்டாவாக (வடிவம் பார்க்காமல் வெறும் பைட்டுகளாக) இறக்கி மியூ-லா, வோக்ஸ் ஏடிபிசிஎம், ஜிஎஸ்எம் என்று பேச்சுக்கான பழைய கோடெக்குகளை மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரைச்சலுக்கு அடியில் பேச்சின் ஏற்ற இறக்கம் லேசாகக் கேட்டால்கூட நெருங்கிவிட்டீர்கள். எல்லாவற்றிலும் வெறும் இரைச்சல்தான் என்றால், எஸ்பி போலக் குரலை மாதிரியாக்கிச் சுருக்கும் வகையாக இருக்கலாம், அதற்கு இந்தக் குறுக்குவழி உதவாது.

டிஎஸ்எஸ்ஸின் அடுத்த தலைமுறையான டிஎஸ்2 கோப்புகளில் மட்டும் ஜாக்கிரதை. அவற்றை ஏஇஎஸ் என்ற வலுவான மறைகுறியாக்க முறையில் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கலாம், அப்போது பதிந்தவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வேவ் கிடைத்ததும் உடனே மூலத்தை அழித்துவிடாதீர்கள். அதன் நீளத்தை அந்த 38, 50-ஆம் பைட் நேரங்களின் வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். நண்பரின் கோப்பு ஒன்றில் 4 நிமிடம் குறைந்தது, பதறிப்போய்க் கேட்டால், நடுவில் பாஸ் அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனாராம்.