இட்லி மாவு பொங்கும் இடத்தில் மிளகாய் விதையும் முளைக்கும்: ஹீட் மேட் (விதைத் தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்சாரச் சூட்டு விரிப்பு) வாங்காமல் நாற்று விடுவது

கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குக் குடிவந்த முதல் மார்ச் மாதம், இருபது குண்டு மிளகாய் விதைகளைத் தயிர் டப்பாக்களில் போட்டுத் தெற்குப் பார்த்த ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். வெயில் படட்டும் என்று. மூன்று வாரமாகியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கிளறிப் பார்த்தால் பாதி விதை போட்டபடியே கிடந்தது, மீதி விரலில் எடுத்ததும் நசுங்கியது. விதை மட்டம் என்று முடிவுகட்டி, விற்ற கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அங்கே ஓவனுக்குள் லைட்டை மட்டும் போட்டு வைத்திருந்த இட்லி மாவு, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மாவு பொங்கச் சூடான இடம் தேடுகிற எனக்கு, நம்மூர் விதைக்கும் அதே சூடு வேண்டும் என்று தோன்றவே இல்லை. நசுங்காமல் கிடந்த விதைகளை அன்றிரவே ஓவனுக்கு மாற்றினேன். ஒன்பதாம் நாள் வெள்ளை வேர் தெரிந்தது. கடைக்காரர் மேல் தப்பே இல்லை.

இது எனக்கு ஏழாவது வருஷம். மிளகாய், கத்தரி, வெண்டை, பாகல், புடலை எல்லாமே இப்படித்தான் முளைக்க வைக்கிறேன்.

எப்போது தொடங்குவது

டொராண்டோ பக்கம் தோட்டம் போடுகிறவர்களுக்கு விக்டோரியா டேதான் கணக்கு, அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை. அதற்குள் உறைபனி பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். நான் இன்னும் ஒரு வாரம் தள்ளித்தான் வெளியே நடுவேன், இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மிளகாய் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டுப் பத்து வாரம் வேண்டும், ஆகவே மார்ச். வெண்டைக்கும் கொடி வகைகளுக்கும் ஏப்ரல் கடைசி போதும். ஒரு வருஷம் ஆசைப்பட்டு மார்ச்சிலேயே புடலை போட்டேன். மே வருவதற்குள் திரைச்சீலைக் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிரித்து எடுப்பதற்குள் பாதிக் கொடி ஒடிந்தது.

சூடான இடம் கண்டுபிடிப்பது

முழுப் பிரச்சினையும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மிளகாய் விதை 25 முதல் 30 டிகிரியில் எட்டு, ஒன்பது நாளில் முளைக்கும். 20 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். 15 டிகிரியில் மூன்று வாரத்துக்கு மேல். வெண்டை 30 டிகிரியில் ஒரு வாரம், 20 டிகிரியில் இரண்டரை வாரம். அத்தனை நாள் ஈரத்தில் கிடக்கிற விதையைப் பூஞ்சை சும்மா விடாது. முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும்.

எங்கள் வீட்டு தெர்மோஸ்டாட் பகலில் 20, இரவில் 17. சரி, 17 அவ்வளவு மோசமில்லையே என்று நினைத்திருந்தேன். அப்புறம் இறைச்சி வேகும்போது குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரை ஜன்னல் விளிம்பு டப்பா மண்ணில் ஒரு நாள் விடியற்காலையில் குத்தினேன். 13 காட்டியது! கண்ணாடிப் பக்கம் குளிர் இறங்குகிறது. போதாததற்கு, ஈர மண்ணிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆவியாக மண் இன்னும் குளிரும், மண்பானைத் தண்ணீர் மாதிரி. இத்தனைக்கும் முளைப்பதற்கு இந்த விதைகளுக்கு வெளிச்சமே தேவையில்லை. ஜன்னலில் வைத்தது முழுக்க முழுக்க என் மடத்தனம்.

உங்கள் வீட்டில் எது சூடான இடம் என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை அந்த இடத்தில் இரவு முழுக்க வைத்து, காலையில் தெர்மாமீட்டரை விடுங்கள். 26 முதல் 30 வந்தால் அதுதான் இடம்.

நான் அளந்தவை: ஃபிரிட்ஜ் மேலே 22. பழைய ஃபிரிட்ஜ்களின் மேல்பக்கம் நல்ல சூடாக இருக்கும், புதியவை அப்படி இல்லை. வைஃபை ரவுட்டர் மேலே 27. இரண்டு கவருக்கு மேல் வைக்க இடமில்லை, காற்றுத் துளைகளையும் மூடக் கூடாது. ஈரம் கசியாத கவர் மட்டும் வையுங்கள், தண்ணீர் டம்ளரை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள். தரையில் ஹீட்டர் காற்று வரும் துவாரத்தின் மேல் வைப்பது எனக்குப் பிடிக்காது. அரை மணி சுடும், அரை மணி ஆறும், நடுவில் எல்லாம் காய்ந்துவிடும். மின்சார குக்கரின் தயிர் மோட் 40 டிகிரிக்கு மேல் போகும், விதைக்கு அது அதிகம். எங்கள் ஓவன், லைட் மட்டும் எரிய, கதவு மூடியபடி 29. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ஓவனில் ஒரு ஆபத்து இருக்கிறது. மூன்றாவது வருஷம் பள்ளி விட்டு வந்த மகன் பீட்சா சூடு பண்ண 400 ஃபாரன்ஹீட்டில் ஓவனைப் போட்டுவிட்டான். பிளாஸ்டிக் வாடை வந்து ஓடிப்போய்த் திறந்தால், கத்தரி விதைக் கவர் தட்டோடு ஒட்டி உருகியிருந்தது. இப்போது ஓவன் குமிழ் மேலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன். கதவில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. குமிழைத் திருக டேப்பைப் பிய்த்தே ஆக வேண்டும்.

டிஷ்யூவும் ஈரமும்

மண்ணில் நேரடியாகப் போடாமல் டிஷ்யூவில் முளைகட்டுவதுதான் என் வழி. எது முளைத்தது, எது செத்தது என்று கண்ணால் பார்க்கலாம், ஒரு கவரில் முப்பது விதை அடங்கும்.

விதைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். சமையலறைப் பேப்பர் டவலை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பாதியில் விதைகளைப் பரப்பி மீதியால் மூடுங்கள். ஜிப் கவரில் போட்டு, கொஞ்சம் காற்று உள்ளே இருக்கும்படி மூடி, பெயரும் தேதியும் எழுதுங்கள். எழுதாவிட்டால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் வித்தியாசம் தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

எவ்வளவு ஈரம்? பயறு முளைகட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறியதும் தண்ணீரை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறோம், தண்ணீரிலேயே விட்டால் நாறிப்போகும். விதையும் மூச்சுவிட வேண்டும். டிஷ்யூவைத் தூக்கினால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. கவரின் மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் சாய்த்து ஊற்றிவிடுங்கள். நாலாம் நாளிலிருந்து தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள், காற்றும் மாறும்.

பாகல், புடலை ஓடு கெட்டி. நகவெட்டியால் விளிம்பில் ஒரு சின்ன நறுக்கு, உள்ளே இருக்கும் பருப்பில் படாமல். அப்புறம் ஊறப் போடுங்கள்.

மண்ணுக்கு மாற்றுவது

வேர் அரை சென்டிமீட்டர் வந்ததும் மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் டிஷ்யூவுக்குள் புகுந்துகொள்ளும். அப்படி ஆகிவிட்டால் இழுக்காதீர்கள், டிஷ்யூவைச் சுற்றிக் கத்தரித்து அதோடு சேர்த்தே நடுங்கள், மட்கிவிடும். பிடிப்பதானால் விதையைப் பிடியுங்கள், வேரைத் தொட வேண்டாம். மிளகாய், கத்தரிக்கு அரை சென்டிமீட்டர் ஆழம், கொடி வகைகளுக்கு இரண்டு.

அடியில் துளை போட்ட தயிர் டப்பா போதும். வெண்டைக்கும் கொடி வகைகளுக்கும் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடையின் காகிதக் கப்பில் தனித்தனியாகப் போடுவேன். அவற்றுக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது, நடும்போது கப்பைக் கிழித்துவிட்டு மண்ணோடு இறக்கலாம். தோட்டத்து மண்ணை உள்ளே கொண்டு வராதீர்கள், டப்பாவில் செங்கல்லாக இறுகும், சின்னக் கொசுவும் கூடவே வரும். தேங்காய் நார்க் கட்டியை ஊறவைத்து உதிர்த்து, கால் பங்கு கம்போஸ்ட் கலந்தால் போதும்.

டப்பாக்கள் திரும்பவும் சூடான இடத்துக்கே போகட்டும், தலை தெரியும் வரை மட்டும். முதல் வளைந்த தண்டு மண்ணைப் பிளந்ததுமே, அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் இருட்டில் மறந்தால்கூட நூல் மாதிரி நீண்டு சரியும். எனக்கு இரண்டாவது வருஷம் போனது இதில்தான்.

மார்ச் மாத ஜன்னல் வெளிச்சம் போதாது. 6500கே என்று போட்டிருக்கும் சாதாரண வெள்ளை எல்இடி பல்பை மேசை விளக்கில் மாட்டி, செடிக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே, தினமும் 14 முதல் 16 மணி நேரம். ஊதா வெளிச்சம் அடிக்கிற விலை கூடின விளக்குகள் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை, வீடு வேறு டிஸ்கோ மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலே எப்போதும் ஈரமாக இருந்தால் நாற்றழுகல் வரும், மண் மட்டத்தில் தண்டு சுருங்கி ஒரே இரவில் சாயும். அது வந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது.

பின்சேர்க்கை, உங்கள் கேள்விகளுக்காக

ஓவன் லைட் எல்இடியாக இருந்தால் சூடே வராது. இரண்டு பேர் இதைச் சொன்னார்கள், நான் முதலில் எழுத மறந்துவிட்டேன். அவர்களுக்கு: பயணத்துக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில், இரண்டு லிட்டர் பாட்டிலில் குழாய் வெந்நீர் நிரப்பி, துண்டு சுற்றி, பக்கத்தில் விதைக் கவரை வையுங்கள். காலையும் இரவும் தண்ணீரை மாற்றுங்கள்.

சமையலறையில் இருக்கும் வரமிளகாய் விதை முளைக்குமா? வெயிலில் காய்ந்த, ஒரு வருஷத்துக்குள்ளான மிளகாயானால் முளைக்கலாம், மிஷின் சூட்டில் காய்ந்தது சந்தேகம். பச்சை மிளகாய் விதை முற்றியிருக்காது, பழுக்க விட்டு எடுங்கள்.

விதை ஓடு தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அரை மணி கழித்துப் பல்குத்தியால் மெல்லத் தள்ளுங்கள். காய்ந்தபடி இழுத்தால் விதையிலையும் கூடவே வந்துவிடும்.

மாவையும் விதையையும் ஒரே நேரத்தில் ஓவனில் வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். மாவு கீழ்த் தட்டில், விதை மேல் தட்டில். போன வருஷம் மாற்றி வைத்துவிட்டு, கத்தரி எது மிளகாய் எது என்று படிக்கக் கவர்களைக் கழுவ வேண்டியதாயிற்று.