அருஷாவிலிருந்து சஃபாரி கிளம்புவது எப்படி

செரங்கெட்டி, ங்கோரோங்கோரோ, தரங்கிரி, மன்யாரா ஏரி என்று வட தான்சானியாவில் எங்கே போனாலும் வண்டி பெரும்பாலும் கிளம்புவது அருஷாவில் இருந்துதான். கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து ஊர் சுமார் 50 கிலோமீட்டர். வந்த அன்றே ஓடாமல் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்குங்கள், ஏனென்றால் செரங்கெட்டியின் நடுவே இருக்கும் செரோனெராவுக்குத் தரைவழியில் போக ஏறக்குறைய ஒரு முழுப் பகல் பிடிக்கும், அதிலும் ங்கோரோங்கோரோ வாசலைத் தாண்டினால் பெரும்பாலும் புழுதி பறக்கும் மண் ரோடுதான். கைவசம் இரண்டே நாள் என்றால் செரங்கெட்டியை விட்டுவிடுங்கள். தரங்கிரி பக்கத்தில்தான் இருக்கிறது, மழை இல்லாத வறண்ட மாதங்களில் ஆற்றங்கரையில் யானைகள் கூட்டம் கூட்டமாகத் திரளும், எனக்கு அதுவே போதும்.

பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்: பூங்கா கட்டணம் சேர்த்தியா, ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் வண்டி இறங்கத் தனியாக வாங்கும் கட்டணமும் அதில் அடக்கமா, கூரை திறக்கும் லேண்ட் க்ரூசர்தானா, எல்லோருக்கும் ஜன்னல் சீட் உண்டா.

மாதம் முக்கியம். வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இன விலங்குகள் குட்டி போடுவது பிப்ரவரியை ஒட்டி, செரங்கெட்டிக்குத் தெற்கே ந்துட்டு பக்கம்; அவை மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலைக்கு மேல் வடக்கே போக வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் காட்டுகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

அப்புறம், ஸ்வெட்டர் கட்டாயம், பள்ளத்தின் விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல், விடியற்காலையில் விரல் விறைக்கும். பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டாம், 2019 முதல் அங்கே தடை.