தோட்டத்திலிருந்து சுற்றுலாத் துறைக்கு: பச்சை பேட்ஜைப் பாருங்கள்

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்திலோ பட்டணத்துக் கடையிலோ வேலை பார்த்துக்கொண்டே சுற்றுலாத் துறைக்கு மாற நினைக்கிறீர்களா? அனுபவம் இல்லாமல் ஏஜென்சிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பிக் காத்திருப்பதைவிட, வழிகாட்டி லைசென்ஸ் எடுப்பதே நல்ல வழி என்பேன்.

1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வழிகாட்டி வேலையைச் செய்யக்கூடாது. அந்த லைசென்ஸில், நீல பேட்ஜ் பொதுச் சுற்றுலா வழிகாட்டிக்கு. படிப்பு நீளம், செலவும் கூடுதல். பச்சை பேட்ஜ் குறிப்பிட்ட இடத்து இயற்கை வழிகாட்டிக்கு, பயிற்சி குறுகியது. கம்போங் குவாந்தான் மின்மினிகளும் அலையாத்திக் காடும் பக்கத்திலேயே இருக்க, உள்ளூர்க்காரருக்கு இதுதான் தோது. பயிற்சி எங்கே, எப்போது என்று சுற்றுலா அமைச்சின் மாநில அலுவலகத்தில் கேளுங்கள். பணம் கட்டுமுன், அந்த நிலையம் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

வேன் ஓட்டலாம் என்றால், சாதாரண லைசென்ஸ் போதாது, பிஎஸ்வி (பொதுச் சேவை வாகன) லைசென்ஸ் வேண்டும்.

தமிழைச் சும்மா நினைக்காதீர்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மின்மினி பார்க்க வந்தால், தமிழிலேயே விளக்குகிறவரைத்தானே தேடுவார்கள்? மலாயும் ஓரளவு ஆங்கிலமும் நமக்கு ஏற்கெனவே வரும்.

ரெஸ்யூமே எழுதும்போது, மண்டோராக ஆள்களைக் கட்டி மேய்த்ததையும் கிராணியாகக் கணக்குப் பார்த்ததையும் மறைக்காமல் போடுங்கள். முப்பது பேரை பஸ்ஸில் நேரத்துக்கு ஏற்றுவதும் அதே வேலைதான். பேட்ஜ் கைக்கு வந்ததும், இருக்கும் வேலையை விடாமல் சனி, ஞாயிறில் மட்டும் தொடங்குங்கள். சீசன் இல்லாத மாதங்களில் வருமானம் குறையும்.